ஆள் அழுத்தாமல் ஓடிய காற்றாடி

மகனே, சனிக்கிழமை நீ பொன்மலையில் ரயில் ஏறுவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று நானே தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போடப்போகிறேன். கல்யாணச் சாமான் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு பிரிக்காதே. அதை உன் அம்மா தனியாக எழுதுவாள், அதில் உன்னைத் திட்டவும் திட்டுவாள். இது வேறு. தனியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. பிலோமியின் அப்பா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளவில்லை. ஊர் அப்படித்தான் பேசுகிறது, நீயும் அதை நம்பித்தான், நம்பியும் பரவாயில்லை என்றுதான், அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாய். ஊர் பேசுவது பொய் என்பது எனக்கு அவர் செத்த அன்றைக்கே தெரியும். இரண்டு வருஷமாகத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பின் இரண்டாவது ஓலையை வாசித்தார்கள். உன் பேர், என் பேர், பிலோமி பேர், பிறகு “காலஞ்சென்ற” என்று சொல்லி அவள் அப்பா அருளப்பன் மாஸ்டர் பேர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வழக்கம்போல நிறுத்தி நிதானமாகப் படித்தார். எத்தனையோ பேருடைய ஓலையைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டவன் நான். அன்றைக்கு முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் “இன்னா மிஸ்திரி, ஜொரமா?” என்று கேட்டார். மூன்றில் இனி ஒரே ஓர் ஓலைதான் பாக்கி. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் வீட்டு வண்டியை நீ பார்த்திருப்பாய், ஆனால் அதன் கதை உனக்குத் தெரியாது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, ஒரு துரை விட்டுவிட்டுப் போன பழைய டூரர் கார் அது. துணிக்கூரை, மரச் சட்டம், நெற்றியில் இரண்டு பெரிய விளக்கு. நடக்க முடியாத மனைவியை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் பூசைக்கும் கூட்டிப்போவதற்காகத்தான் மாஸ்டர் அதை வாங்கினார். தெரசம்மாளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பெட்ரோலோ கூப்பனுக்குத்தான். அதனால் ஊரில் பலர் செய்ததுபோல அவரும் வண்டியின் பின்னால் கரிவாயு அடுப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டார். அடுப்பில் கரியைப் பற்றவைத்து, பத்து நிமிஷம் கையால் காற்றாடி சுற்றிக் கனலை ஊதி, வாயு கிளம்பிய பிறகுதான் எஞ்சினை எழுப்ப வேண்டும். அறுபது வயது மனுஷன் வாசலில் நின்று வியர்க்க வியர்க்கச் சுற்றுவதைப் பார்த்து, நானாகப் போய்த்தான் வாய் கொடுத்தேன். “மாஸ்டர், ஒரு சின்ன மோட்டாரு வெச்சி, சீட்டுல உக்காந்துகினே பட்டன அழுத்துனா காத்தாடி ஓடுற மாதிரி பண்ணித் தரவா?” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீ பொன்மலை ரயில் பட்டறையில் வேலை செய்கிறவன், உனக்கு இது விளங்கும். ஆறு வோல்ட் பேட்டரி. அதிலிருந்து மெல்லிய வயரை டாஷ்போர்டு வரைக்கும் இழுத்து மறுபடி பின்னால் கொண்டுபோனால், மோட்டாருக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி பலம் வழியிலேயே தீர்ந்துவிடும். அதற்குத்தான் ரிலே. பட்டனுக்குப் போவது துளி கரண்ட். அது கம்பிச் சுருளான காயிலைக் காந்தமாக்கி ஓர் இரும்பு நாக்கை இழுக்கும், அந்த நாக்கு பெரிய வழியைத் திறந்துவிடும். மோட்டார் வண்டிக்கென்று தடித்த முனையோடு செய்த ரிலே அந்த யுத்த காலத்தில் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் டெலிபோன் ஆபீஸ்காரன், நாளெல்லாம் ரிலேக்களின் டிக்டிக் சத்தத்தில் வாழ்கிறவன். கழித்துப் போட்ட குவியலிலிருந்து இரண்டை யாரிடமும் கேட்காமல் எடுத்துவந்தேன். காயிலைப் பிரித்து ஆறு வோல்ட்டுக்கு நானே சுற்றினேன். ஒருவர் பேச்சை இன்னொருவர் காதுக்குக் கொண்டுபோகச் செய்த சாமான் அது. அதன் வெள்ளி முனை உளுந்தைவிடச் சின்னது. அதை ஒரு மோட்டாரைச் சுமக்கவைத்தேன். நடுவில் ஃப்யூஸ்கூடப் போடவில்லை. எனக்குத் தெரியாதது இல்லை, என் கைக்கு ஒன்றும் ஆகாது என்ற திமிர்.

இரண்டாவது ரிலே தெரசம்மாளுக்காக. பின்சீட்டில் அந்தம்மாளின் நல்ல கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் மாஸ்டரின் கண்ணெதிரில் குன்றிமணி அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஒரு தடவை எரிந்தால் நிறுத்து, இரண்டு தடவை எரிந்தால் போகலாம். பேச முடியாத மனுஷி அந்த விளக்கால்தான் புருஷனோடு ஊர் முழுக்கப் பேசிக்கொண்டு போனாள். அடையாறு பாலத்தில் நிறுத்தச் சொல்லி ஆற்றைப் பார்ப்பாளாம். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அவள் சாகிறவரைக்கும் அந்த இரண்டு ரிலேயும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

அவளை அடக்கம் பண்ணி ஒரு மாதம் கழிந்து பிலோமி என்னைத் தேடி வந்தாள். அப்போது அவள் கன்னியர் மடத்தில் தங்கி ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வருவாள். “மாமா, அப்பா உங்கள கூட்டியாரச் சொன்னாரு. வண்டில என்னமோ...” என்று இழுத்தாள், முகம் வெளுத்திருந்தது. போனேன். மாஸ்டர் ஷெட்டுக்குள் நின்ற வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி உதட்டில் விரல் வைத்தார். வெயில் இறங்கிக் கடல்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கோயிலில் திரிகால ஜெப மணி அடித்தது. பானட்டுக்குள் ‘டிக்’ என்றது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி ‘டிக்’, மறுபடி எரிந்து அணைந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை. பட்டனுக்கு மேல் அவள் சால்வை மடித்து வைத்திருந்தது, மடிப்புக் கலையவில்லை. “வரேன் தெரசா, கொஞ்சம் இரு,” என்று மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார், அடுப்படியிலிருந்து கூப்பிட்டவளுக்குப் பதில் சொல்வதுபோல.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. நூல் சுற்றிய வயர், கடலோர ஊர். சாயங்காலக் காற்றின் ஈரம் ஏற ஏற அதன் வழியாகத் துளி கரண்ட் கசியும். தடித்த ரிலே அதற்கெல்லாம் அசையாது. என்னுடையதோ டெலிபோன் ரிலே, தும்மினால்கூட நாக்கை நீட்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் கை மயிர் அத்தனையும் நட்டுக்கொண்டு நின்றது. “மாஸ்டர், அது வெறும் ஈரம்” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு மாதமாகச் சவரம் பண்ணாத அந்த முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்கிற சந்தோஷம் இருந்தது. “பார்த்தியா மிஸ்திரி? ரெண்டு தபா. போலாம்ங்கறா,” என்றார். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் தலையாட்டினேன். அது இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். பாதி இரக்கம்தான். என் வேலையில் குற்றம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனசு வராதது மீதிப் பாதி.

அதன் பிறகு மாஸ்டர் தினம் சாயங்காலம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து செபமாலை சொல்ல ஆரம்பித்தார். முடிந்ததும் அவளிடம் ஏதாவது கேட்பார், விளக்கு பதில் சொல்லும். பிலோமிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்பதைக்கூடக் கேட்டிருக்கிறார். கோயில் வாசலில் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் அதைச் சொல்வார், நானும் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன். மழைக்காலம் பிறந்ததும் ஒரு நாள் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “நேத்து காத்தாடியும் தானா ஓடிச்சி மிஸ்திரி. நான் பட்டன தொடவே இல்ல. கூரைத் துணிய இழுத்து மூடியிருந்தேனா, அவளுக்குப் புழுங்குது போல,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

விளக்கு எரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காற்றாடி ஓடினால் அடுப்பில் மிச்சமிருக்கும் கரி கனன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து கிளம்புகிற வாயுவுக்கு நிறம் கிடையாது, மூக்குக்கும் அவ்வளவாகத் தெரியாது. திறந்த வாசலில் பரவாயில்லை, மூடின ஷெட்டில் அது எமன். அந்த நிமிஷமே அவர் வீட்டுக்குப் போய் இரண்டு வயரைப் பிடுங்கியிருந்தால் போதும், கால் மணி நேர வேலை. “ஞாயித்துக்கிழம வந்து பாக்கறேன் மாஸ்டர், அதுவரைக்கும் கதவத் தொறந்து வெச்சிக்கினே உக்காருங்க,” என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகரில் ஒரு வக்கீல் தன் புது வண்டிக்கு மஞ்சள் விளக்கு மாட்டக் கூப்பிட்டார். அங்கே போனேன். நாலு பேர் சுற்றி நின்று என் கைவேலையைப் புகழ்ந்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள். மாஸ்டரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். முந்தின சாயங்காலம் நல்ல மழை. மாஸ்டர் எங்கேயோ போய்த் திரும்பி, வண்டியை ஷெட்டில் விட்டு, சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு செபமாலைக்கு உட்கார்ந்திருக்கிறார். நான் போனபோது கதவைத் திறந்துபோட்டிருந்தார்கள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார், கன்னம் இரண்டும் ரோஜாப்பூ நிறத்தில். அந்த நிறம்தான் இன்றுவரை எனக்குக் கனவில் வருகிறது, செத்தவருக்கு அவ்வளவு ஆரோக்கியமான முகம் கூடாது. காற்றாடி கட்டாயம் சத்தம் போட்டிருக்கும், அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் எழுந்து பார்க்கவில்லை. பின்சீட்டில் அவளுக்குப் புழுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த மணியை உருட்டியிருக்கிறார். மகனே, ரிலேயின் கோளாறு அவரைக் கொன்றது பாதிதான். அதை அவள் என்று நம்பட்டும் என நான் விட்டேனே, மீதி அது.

கான்ஸ்டபிள் வந்திருந்தார், நல்ல மாதிரி ஆள். “வயரிங் நீ பண்ணதுதானே? இன்னா ஏதுன்னு பாரு,” என்றார். பானட்டைத் திறந்தேன். காற்றாடி ரிலேயின் இரண்டு முனையும் உருகி ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் காற்றாடிப் பட்டன் அணைந்தேதான் இருந்தது, ஆள் யாரும் அழுத்தவில்லை. ரிலேயின் மேல் எங்கள் ஆபீஸ் முத்திரை. என் வேலை போகும், திருட்டுக் கேசு வரும், நீ பொன்மலைக்கு மனுப் போட்டிருந்தாயே, அதற்குப் போலீஸ் நன்னடத்தைச் சீட்டு கிடைக்காது. இத்தனையும் ஒரே மூச்சில் மண்டையில் ஓடியது. கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் திரும்பியபோது ரிலேயைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். “தானா ஓடுமா இது?” என்று அவர் கேட்டார். “ஓடாது சார். ஆளு அழுத்தினாத்தான் ஓடும்,” என்றேன். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்காகச் சொன்னேன்.

நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மனைவி போன துக்கம், கதவைச் சாத்தியிருக்கிறார், ஆளே அழுத்தியிருக்கிறார் என்று கோயில் வாசலில் தொடங்கிய பேச்சு மீன் மார்க்கெட் வரைக்கும் போய்த் திரும்பியது. தற்கொலைக்குக் கோயில் மரியாதை கிடையாது என்று மணி அடிக்கவில்லை, பாட்டுப் பூசை இல்லை, கல்லறையில் சுவரோரமாகக் குழி. தெரசம்மாள் இருப்பது நடுவில், நல்ல இடத்தில். பிலோமி தனியாக அந்தச் சுவரோரம் நின்றதைப் பார்த்துக்கொண்டு நானும் ஒரு பிடி மண் போட்டேன். அதன் பிறகு அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பம், அப்பன் அப்படிப் போனவன் என்று காதில் விழுந்ததும் திரும்பிப் போய்விட்டது. நீ லீவில் வந்திருந்தபோது அவளைப் பிடித்திருக்கிறது என்றாய். “அவங்க அப்பா எப்படிப் போனா எனக்கென்னப்பா?” என்றும் சொன்னாய். உன் அம்மா உன்னைப் பெரிய மனசுக்காரன் என்று கொண்டாடினாள். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அந்த ரிலேயை நான் எறியவில்லை. எறிய எத்தனையோ தடவை கடற்கரை வரைக்கும் போனேன், கை வரவில்லை. ஒட்டிக்கொண்ட முனையைக் கத்தியால் பிரித்து, பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரி மேல் வைத்தேன். அதில் வயர் இல்லை, பேட்டரி இல்லை, வெறும் இரும்பும் செம்பும். இருந்தாலும் மழைநாள் சாயங்காலங்களில் அந்த டின்னுக்குள் ‘டிக்’ என்று கேட்கிறது. முதலில் என் மனப்பிராந்தி என்று நினைத்தேன். ஒரு நாள் உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, “அலமாரி மேல பல்லி கீது போல, ரெண்டு வாட்டி சொல்லுது,” என்றாள். நான் ஏறிப் பார்த்தேன், பல்லி இல்லை. இருபத்தைந்து வருஷம் இந்த வேலை பார்த்தவன் நான், கரண்ட் இல்லாமல் அந்த நாக்கு அசையாது. அசைந்ததற்கு என்னிடம் காரணம் கிடையாது. அன்றையிலிருந்து நான் பூசையில் நற்கருணை நன்மை வாங்க எழுந்து போவதில்லை. உன் அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அந்த டின்னை எடுத்துக்கொண்டு பிலோமி வீட்டுக்குப் போனேன். உனக்கு முதலில் சொல்லிவிட்டு அப்புறம் போயிருக்கலாம். ஆனால் உன்னிடம் முதலில் சொன்னால் நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். அவளும் அவளுடைய அத்தையும் மட்டும்தான் இருந்தார்கள். அத்தையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதியதில் ஒன்றே ஒன்றைத் தவிர எதையும் விடவில்லை. பிலோமி ரிலேயைக் கையில் வாங்கி, அந்த நாக்கை விரலால் அழுத்தினாள். டிக் என்றது. “இந்த சத்தந்தான்,” என்றாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, “அப்போ அப்பா என்ன தனியா விட்டுட்டுப் போகணும்னு நெனைக்கலியா மாமா?” என்று கேட்டாள். “சத்தியமா இல்லம்மா,” என்றேன். இரண்டு வருஷமாக அந்தப் பெண் இந்த ஒரு கேள்வியோடுதான் தூங்கி எழுந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் குடையைத் தேடினேன், ஓடிப்போகலாம் என்றுதான்.

அவள் இன்னொன்று கேட்டாள். “அந்த வெளக்கு? அது அம்மா இல்லியா?” அதற்கு மட்டும் பொய் சொல்ல நாக்கு துடித்தது மகனே. அது அம்மாதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவு ஆறுதல்! அந்த ஒரு பொய்யைத்தான் அவள் அப்பாவையும் நான் நம்ப விட்டிருந்தேன். “ஈரம்மா. வயர்ல ஈரம்,” என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள். அப்பாவுக்காக ஒரு சொட்டு வராத கண்ணிலிருந்து அம்மாவுக்காகக் கொட்டியது. டின்னுக்குள் கேட்ட சத்தத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லலாமா கூடாதா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை, சேர்ந்து வாழ்ந்தால் என்றைக்காவது நீ முடிவு பண்ணிக்கொள்.

நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன். அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. உன் கையால் செய்த ஒன்று கோணலாகிவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல். அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கிறதே, கெடுக்க வேண்டாமே என்று தள்ளிப்போடாதே. நான் தள்ளிப்போட்டது இரண்டே தடவை, விலை ஒரு மனுஷன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிலோமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பாவசங்கீர்த்தனத் தொட்டில சாமியார் காதுல சொல்லிட்டா உங்களுக்கு மன்னிப்புக் கெடச்சிடும் மாமா. எங்கப்பாவுக்கு? எங்க பேச ஆரம்பிச்சாங்களோ அங்கயே சொல்லுங்க. ஞாயித்துக்கிழம ரெண்டாம் பூசைக்கு முன்னாடி, கோயில் வாசல்ல, எல்லாரும் இருக்கறப்போ. மூணாவது ஓல வாசிக்கலாமா வேணாமான்னு அப்புறமா நான் சாமியாருக்குச் சொல்லி அனுப்பறேன்.” அவள் குரல் உயரவே இல்லை. சரி என்றேன். வேலை போகலாம், ஸ்டேஷனுக்கும் இழுக்கலாம், உன் அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்லப்போகிறேன். ஓலையை வாசிப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. நீ பிலோமியிடம் போய் எனக்காகவோ உனக்காகவோ ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் பேசும்போது நீ என் பக்கத்தில் வந்து நிற்காதே. நேரே உள்ளே போ. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரம் மாஸ்டர் எப்போதும் உட்கார்ந்த இடம். பெரிய நாளில் கூட்டம் வாசல் வரைக்கும் நெருக்கினாலும் தானே செத்தவர் இடம் என்று இந்த இரண்டு வருஷமாக அந்த ஓர் ஆள் இடத்தில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. நீ போய் அங்கே உட்கார்.

அப்பா